இக்னோவில் எம்.ஏ. சமூகவியல்: பிள்ளைகளை வைத்துக்கொண்டு படிப்பவளின் விமர்சனம்

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கும்போது மேலே படிக்க முடியுமா, எங்கே சேர்ந்தால் சமாளிக்கலாம் என்று என்னிடம் கேட்கிற பெண்கள் நிறைய. ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி மாளவில்லை, அதனால் தெரிந்ததை மொத்தமாக எழுதிவிடுகிறேன். நான் இக்னோவில், அதாவது இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில், எம்.ஏ. சமூகவியல் படிக்கிறேன். ஊர் திண்டுக்கல் பக்கம். மூத்தவள் ஏழாவது, சின்னவன் இரண்டாவது. வீட்டுக்காரருக்கு நூல் மில்லில் ஷிப்ட் வேலை, கூடவே அத்தை இருக்கிறார், சாயங்காலம் தெருப் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுக்கிறேன். இந்த நிலைமையில் இருக்கிற ஒருத்திக்கு இந்தப் படிப்பு எப்படி இருக்கிறது என்பதுதான் என் விமர்சனம். கணவன் மனைவி இரண்டு பேரும் ஆபீஸ் போகிற வீடு, தனியாகப் பிள்ளை வளர்க்கிறவர் என்று மற்றவர்களுக்குச் சில விஷயங்கள் மாறும்.

முடியும் என்பதுதான் என் பதில். இதில் இருக்கிற பெரிய வசதி, படிப்பை இழுத்து நீட்டிக்கொள்ளலாம் என்பது. எம்.ஏ. குறைந்தது இரண்டு வருடம், ஆனால் நான்கு வருடம் வரை எடுத்துக்கொள்ளலாம். தேர்வு வருடத்துக்கு இரண்டு முறை, ஜூனிலும் டிசம்பரிலும் வருகிறது. எந்த முறை எந்தத் தாளை எழுதுவது என்பதை நாம்தான் முடிவு செய்கிறோம், எழுத நினைக்கிற தாளுக்கு மட்டும் தேர்வுக் கட்டணம் கட்டினால் போதும். நான் கட்டியபோது தாளுக்கு 200 ரூபாய். முதல் வருடத் தாள் பாக்கி இருந்தாலும் இரண்டாம் வருடத்துக்குப் பதிவு செய்யலாம், யாரும் நிறுத்தி வைக்க மாட்டார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து ஒரு தேர்வு போய்விட்டால் ஒரு வருடம் போகாது, ஆறு மாதம்தான் போகும். ரெகுலர் கல்லூரியில் 75 சதவீதம் வருகைப்பதிவு கேட்பார்கள், பிள்ளைக்கு அம்மை போட்டால் அந்தக் கணக்கு அதோடு முடிந்தது. இங்கே சமூகவியல் மாதிரியான படிப்புகளுக்கு அப்படி எதுவும் இல்லை.

கணக்காகவே பார்த்துவிடலாம், ஏனென்றால் சேருகிற பெரும்பாலோர் இந்தக் கணக்கைப் போடாமல்தான் சேருகிறார்கள். எம்.ஏ.வுக்கு மொத்தம் 64 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரப் படிப்பு என்று பல்கலைக்கழகமே சொல்கிறது, அப்படியானால் மொத்தம் 1,920 மணி நேரம். இதை இரண்டு வருடத்தில் முடிக்க வேண்டுமானால் ஞாயிறு, தீபாவளி, பொங்கல் எல்லாம் சேர்த்து தினமும் சுமார் 2 மணி 40 நிமிடம் உட்கார வேண்டும். நான்கு வருடத்தில் முடிக்க நினைத்தால் தினமும் 1 மணி 20 நிமிடம் போதும். இதை மத்திய அரசின் நேரப் பயன்பாட்டு ஆய்வோடு சேர்த்துப் பாருங்கள். 2024 ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில் ஒரு பெண் சராசரியாக ஒரு நாளைக்கு 289 நிமிடம் அதற்குச் செலவிடுகிறார், ஆண் 88 நிமிடம். பெண்ணுக்கு அது கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம், பிள்ளைகளையும் பெரியவர்களையும் கவனிக்கிற நேரம் இதில் சேராது. 2019-ல் இதே ஆய்வில் பெண்களுக்கு 299, ஆண்களுக்கு 97. ஐந்து வருடத்தில் நமக்குப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது, ஆண்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்துவிட்டது. அந்த 289 நிமிடத்துக்கு மேல் 160 நிமிடம் படிப்பு என்றால் எந்த வீட்டிலும் ஒன்று தூக்கம் போகும், இல்லை படிப்பு போகும். 80 நிமிடம் என்றால் நடக்கும். அதனால் சேரும்போதே மூன்று, நான்கு வருடம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடத்தில் முடித்துவிட்டேன் என்று யாராவது சொன்னால் அவர் வீட்டில் சமையல் யார் செய்தார் என்று கேளுங்கள்.

இனி ஒவ்வொன்றாக வருகிறேன்.

சேர்க்கை ஜனவரி, ஜூலை என்று இரண்டு முறை, எல்லாம் ஆன்லைனில்தான். விண்ணப்பம் போடுவது கஷ்டமில்லை, போனிலேயே போடலாம். ஆனால் பெண்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் வரும், அது இனிஷியல். நம் பத்தாம் வகுப்பு, பட்டச் சான்றிதழ் எல்லாம் அப்பா இனிஷியலில் இருக்கும், கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த ஆதாரில் கணவர் பெயரோ இனிஷியலோ இருக்கும். இப்போது தொலைதூரக் கல்வியில் சேர, பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் தொலைதூரக் கல்விப் பிரிவு தருகிற டெப் ஐடி என்ற எண் கட்டாயம், அதற்கு முன் நாம் எடுக்கிற கிரெடிட்டுகளைச் சேர்த்து வைக்கிற கணக்கின் எண்ணான ஏபிசி ஐடி வேண்டும், அது ஆதாரை வைத்துத்தான் உருவாகிறது. ஆதாரில் ஒரு பெயர், சான்றிதழில் ஒரு பெயர் என்றால் அங்கேயே இடிக்கும். சேர நினைக்கிற சீசனுக்கு மூன்று நான்கு மாதம் முன்பே ஆதாரை எடுத்துப் பாருங்கள், மாற்ற வேண்டியிருந்தால் சான்றிதழில் உள்ளபடி மாற்றிவிடுங்கள். கல்யாணம் ஆனதும் பெயரை மாற்று என்று சொல்ல வீட்டில் ஆயிரம் பேர் இருப்பார்கள், பிறகு அந்தப் பெயரோடு ஒரு விண்ணப்பம் போட எவ்வளவு அலைய வேண்டும் என்பதை ஒருவரும் சொல்ல மாட்டார்கள். எனக்கு இதில் உண்மையிலேயே கோபம் உண்டு.

இன்னொன்று, ஏஜென்ட் வேண்டாம். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஓர் அட்மிஷன் மையத்தில் விசாரித்தேன். பல்கலைக்கழகக் கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு சொன்னார்கள், என்ன சேவை என்று கேட்டால் “அசைன்மென்ட் நாங்களே எழுதிக் கொடுத்துடுவோம் மேடம், நீங்க பரீட்சைக்கு வந்தாப் போதும்” என்று பதில். எழுந்து வந்துவிட்டேன். கட்டணம் நேராகப் பல்கலைக்கழகத் தளத்தில் கட்டுவது, வருடா வருடம் கட்டினால் போதும், மொத்தமாகக் கட்டச் சொல்லி யாராவது கேட்டால் அந்த இடத்தை விட்டு நகருங்கள்.

புத்தகங்கள்தான் எனக்கு இந்தப் படிப்பில் மிகவும் பிடித்தது. ஒரு பாடம் பல பிளாக்குகளாக, ஒரு பிளாக் சில யூனிட்டுகளாகப் பிரிந்திருக்கும். யூனிட் ஒவ்வொன்றும் சிறியது, தொடக்கத்திலேயே இதில் என்ன தெரிந்துகொள்ளப் போகிறோம் என்று இருக்கும், நடுநடுவே கேள்வி கேட்டு அங்கேயே பதில் எழுதக் கோடு போட்ட இடம் விட்டிருப்பார்கள். வாத்தியார் இல்லாமல் தனியாகப் படிக்கிறவளை நினைத்து எழுதிய புத்தகம் அது. சின்னவன் தூங்கி எழுவதற்குள் ஒரு யூனிட் முடிக்கலாம், முடியாவிட்டாலும் அந்தக் கேள்வி வரைக்கும் வந்தோம் என்று அடையாளம் வைத்துவிட்டு எழுந்து போகலாம். தடிமனான ரெபரன்ஸ் புத்தகத்தில் இது நடக்காது, நாற்பது பக்கம் ஒரே மூச்சில் போனால்தான் அதில் வாதம் புரியும், எந்த அம்மாவுக்கு நாற்பது பக்கம் ஒரே மூச்சில் கிடைக்கிறது?

இந்தப் புத்தகங்கள் எல்லாம் இ-ஞானகோஷ் என்ற தளத்தில் பிடிஎஃப் ஆக இலவசமாகவே கிடைக்கின்றன, மாணவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அச்சுப் புத்தகம் வேண்டாம், டிஜிட்டல் போதும் என்று சேரும்போது சொன்னால் கட்டணத்தில் 15 சதவீதம் தள்ளுபடி. பணம் முக்கியம்தான், ஆனாலும் பிள்ளைகள் உள்ள வீட்டில் அச்சுப் புத்தகமே நல்லது என்பேன். போனை எடுத்தால் பள்ளிக்கூட வாட்ஸப் குரூப்பில் நாளைக்கு சார்ட் பேப்பர் கொண்டுவரச் சொல்லி மெசேஜ் வந்திருக்கும், பிள்ளை கையில் கேட்கும், யாராவது கூப்பிடுவார்கள். புத்தகத்தை விரித்து உட்கார்ந்தால் அம்மா படிக்கிறாள் என்று வீட்டுக்குத் தெரிகிறது. போனை வைத்து உட்கார்ந்தால் அம்மா போன் பார்க்கிறாள் என்றுதான் தெரியும். இது சின்ன விஷயம் இல்லை.

மொழி பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். எம்.ஏ. சமூகவியல் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கிறது, தமிழில் இல்லை. பல்கலைக்கழகம் தொடங்கியது 1985-ல். நாற்பது வருடம் ஆன பிறகும் ஒரு தேசியப் பல்கலைக்கழகம் முதுகலைச் சமூகவியலைத் தமிழில் தரவில்லை என்பதை நான் குறையாகவே சொல்கிறேன், இந்தி தெரிந்தவருக்குத் தாய்மொழியில் ஒரு வழி இருக்கும்போது நமக்கு ஏன் இல்லை என்பது நியாயமான கேள்வி. நான் பி.ஏ. வரலாறு படித்தது தமிழ் வழியில். முதல் பிளாக்கைத் திறந்தபோது ஆங்கிலம் கடினமாகத்தான் இருந்தது, வார்த்தைகளைவிட அந்த நீளமான வாக்கியங்கள்தான் ஆளை மிரட்டுகின்றன. எனக்குக் கைகொடுத்த வழி இதுதான்: ஒரு பத்தியை இரண்டு முறை வாசித்துவிட்டு ஓரத்தில் பென்சிலால் தமிழில் ஒரே வரி எழுதுவது. யூனிட் முடிந்ததும் அந்த ஓர வரிகளை மட்டும் படித்தால் விஷயம் முழுதும் தமிழில் கையில் இருக்கும், அதற்குப் பிறகு பதிலைச் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியமாக எழுதப் பழகலாம். அலங்கார ஆங்கிலம் தேவையில்லை, கருத்தும் எடுத்துக்காட்டும் சரியாக இருந்தால் மதிப்பெண் வருகிறது. அப்படியும் ஆங்கிலம் வேண்டவே வேண்டாம் என்றால் 2002-ல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் வழியில் பல படிப்புகள் உண்டு, அங்கே பாருங்கள். மொழிக்கு பயந்து படிப்பையே விட்டுவிடாதீர்கள்.

பாடம் எப்படி என்றால், நான் எதிர்பார்த்ததைவிட நெருக்கமாக இருந்தது. டர்கைம், வெபர், மார்க்ஸ் என்று சமூகவியலின் முன்னோடிகளைப் பற்றிய கோட்பாட்டுத் தாள் இருக்கிறது, அது கொஞ்சம் மெதுவாகத்தான் போகும். ஆனால் இந்தியச் சமூகவியல் பக்கம் வந்ததும் நம் மண் வந்துவிடுகிறது. ஆந்த்ரே பெத்தேல் என்ற சமூகவியலாளர் 1960-களின் தொடக்கத்தில் தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் தங்கி, அதற்கு ஸ்ரீபுரம் என்று புனைபெயர் வைத்து, அக்ரஹாரம், குடியானத் தெரு, சேரி என்று தெருத் தெருவாக யாரிடம் நிலம், யாரிடம் அதிகாரம் என்று எழுதினார். அவருக்கு முன்பே 1950-களில் கேத்லீன் கஃப் என்ற பெண் மானிடவியலாளர் அதே தஞ்சாவூரில் கள ஆய்வு செய்திருக்கிறார். லூயி துமோன் பிரான்சிலிருந்து வந்து மதுரைப் பக்கம் பிரமலைக் கள்ளர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒரு நாள் ஸ்ரீபுரம் பகுதியை நான் வாய்விட்டு வாசித்துக்கொண்டிருந்தபோது கீரை ஆய்ந்துகொண்டிருந்த அத்தை நிமிர்ந்து, “இதையெல்லாமா வெளியூர்லருந்து வந்து ஒருத்தர் உக்காந்து எழுதுனாரு?” என்று கேட்டார். ஆமாம் அத்தை என்றதும் அவர் பிறந்த ஊரில் எந்தத் தெருவுக்கு யார் வரக்கூடாது, எந்தக் கிணற்றில் யார் இறைக்கக்கூடாது, களத்துமேட்டில் யாருக்கு எந்தப் படியில் நெல் அளந்தார்கள் என்று சொல்ல ஆரம்பித்தார். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். அதற்கு முன்பு வரை என் படிப்பு அவருக்கு வீட்டு நேரத்தைத் தின்கிற ஒன்று. அதற்குப் பிறகு, இன்னைக்கு என்ன பாடம் என்று கேட்கிறார். எல்லா வீட்டிலும் இப்படி நடக்கும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் படிப்பதை வீட்டாரிடம் சொல்லுங்கள், உங்களோடு வைத்துக்கொள்ளாதீர்கள்.

பாடத்துக்கு வெளியே தேடிப் படித்ததில் ஒன்று. ஆன் ஓக்லி என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளர் 1970-களில் லண்டனில் 40 இல்லத்தரசிகளை உட்கார வைத்துப் பேசி, அவர்கள் வாரத்துக்குச் சராசரியாக 77 மணி நேரம் வீட்டு வேலை செய்கிறார்கள் என்று கண்டுபிடித்தார். வீட்டு வேலையை வேலை என்றே பார்த்து அதை ஆராய்ச்சிக்கு எடுத்தது அந்தக் காலத்தில் பெரிய விஷயம். அந்த ஆய்வைச் செய்தபோது அவரே இரண்டு சின்னப் பிள்ளைகளின் அம்மா. இன்னொன்று எம்.என். சீனிவாஸ் என்ற இந்தியச் சமூகவியலாளர் பற்றியது. மைசூர் பக்கம் ராம்புரா என்ற கிராமத்தில் 1948-ல் தங்கிச் சேர்த்த குறிப்புகளிலிருந்து அவர் உருவாக்கி வைத்திருந்ததெல்லாம் 1970-ல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் நடந்த ஒரு தீவைப்பில் எரிந்துவிட்டது. அவர் நினைவிலிருந்தே அந்தக் கிராமத்தைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதினார். சின்னவன் என் அசைன்மென்ட் தாள் மேல் தண்ணீரைக் கொட்டிய அன்று இதை நினைத்துக்கொண்டுதான் மறுபடி எழுத உட்கார்ந்தேன்.

அசைன்மென்ட்டுக்கு வருவோம். மொத்த மதிப்பெண்ணில் 30 சதவீதம் அசைன்மென்ட், 70 சதவீதம் தேர்வு, இரண்டிலும் தனித்தனியாக 40 சதவீதம் எடுத்தால்தான் தேர்ச்சி. எல்லாம் கையால் எழுத வேண்டும். என் படிப்பில் ஒரு பாடத்துக்கு ஐந்து பதில், ஒவ்வொன்றும் ஐநூறு வார்த்தை அளவில். வருடத்துக்கு நான்கு பாடம் என்றால் இருபது பதில், பத்தாயிரம் வார்த்தை. கை வலிக்கும், அது நிச்சயம். கல்லூரி முடித்துப் பல வருடம் கழித்து பேனா பிடிக்கிறவர்களுக்கு முதலில் ஒரு பக்கம் எழுதுவதே மலையாகத் தெரியும். ஆனால் நான் இதை மாற்றச் சொல்ல மாட்டேன். மூன்று மணி நேரத் தேர்வில் ஐந்து பெரிய பதில் எழுத வேண்டியிருக்கிறது, அசைன்மென்ட் எழுதாத கை அங்கே இரண்டாவது பதிலிலேயே நின்றுவிடும். அசைன்மென்டில் வந்த கேள்விகளின் சாயல் தேர்விலும் வருகிறது. அதனால்தான் விலைக்கு வாங்கிக் கொடுக்கிற அசைன்மென்ட்டைப் பார்த்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது, பணம் கொடுத்துப் படிப்பின் பாதியைத் தூக்கிப் போடுகிற வேலை அது. சமையலுக்கு நடுவில் அசைன்மென்ட் எழுதப் பார்க்காதீர்கள், அடுப்படியில் வாசிக்கலாம், கேட்கலாம், எழுத்து வேலைக்கு மேஜை வேண்டும். கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள், கொடுத்ததற்கு ரசீதும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கவுன்சிலிங் வகுப்பு என்று படிப்பு மையத்தில் சனி, ஞாயிறுகளில் நடக்கும், பெரும்பாலும் ஏதாவது ஒரு கல்லூரி வளாகத்தில். கட்டாயமில்லை. அங்கே பாடத்தை முதலிலிருந்து நடத்துவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம், நாம் படித்துவிட்டுப் போய்ச் சந்தேகம் கேட்பதற்கான வகுப்பு அது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஒரு தாய் காலையில் வீட்டை விட்டு வெளியே போவது எவ்வளவு பெரிய ஏற்பாடு என்பது யாருக்கும் தெரியாது. முந்தின நாளே மாவு அரைத்து, குழம்பு வைத்து, துணி எடுத்து வைத்து, பஸ் பிடித்துப் போக வேண்டும். நான் கோட்பாட்டுப் பாடத்துக்கு மட்டும் போவது என்று வைத்துக்கொண்டேன், மற்றதை வீட்டிலேயே படிக்கிறேன். போகிற நாளில் கேள்விகளை எழுதிக் கொண்டு போகிறேன். வாத்தியாரிடம் நேரில் பத்து நிமிடம் பேசினால் புத்தகத்தில் முட்டி நின்ற இடம் திறந்துவிடுகிறது, அது உண்மை.

இந்தப் படிப்பில் கிடைக்காத ஒன்று கூட்டு. வகுப்புத் தோழி என்று பக்கத்தில் யாரும் இல்லை. வாட்ஸப் குரூப்கள் இருக்கின்றன, ஆனால் அதில் எந்நேரமும் ஹால் டிக்கெட் வந்துவிட்டதா, தேதி தள்ளிப் போகுமா என்ற பேச்சுதான், பாடம் பேச ஆள் இல்லை. தேர்வு எழுதப் போன இடத்தில் ஒரு அக்கா பழக்கமானார், அரசு மருத்துவமனையில் நர்ஸ், அவருக்கும் இரண்டு பிள்ளைகள். நைட் டியூட்டி முடித்து வந்து தூங்குவதற்கு முன் எனக்கு போன் செய்வார், நான் அப்போதுதான் பிள்ளைகளை அனுப்பிவிட்டு வந்திருப்பேன். ஆளுக்கு ஒரு யூனிட் படித்து மற்றவருக்குச் சொல்வது என்று ஏற்பாடு. அவர் சொல்லிக் கொடுத்த யூனிட் எனக்குத் தேர்வில் வந்தபோது அவருடைய குரலே காதில் கேட்டது. உங்களுக்கும் அப்படி ஒருவர் வேண்டும், முதல் தேர்வு நாளிலேயே பக்கத்தில் இருப்பவரிடம் பேசிவிடுங்கள்.

தேர்வுக் காலண்டர்தான் தமிழ்நாட்டு அம்மாக்களுக்கு நிஜமான இடைஞ்சல். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும், யூனிபார்ம் தைத்து வாங்க வேண்டும், நோட்டுக்கு அட்டை போட வேண்டும், சின்னவன் முதல் வாரம் முழுக்க அழுவான். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு, கூடவே மார்கழி பிறந்து வாசல் கோலம். அசைன்மென்ட் கடைசித் தேதி ஏப்ரல், அக்டோபர் பக்கமாக வரும், சில சமயம் தள்ளி வைப்பார்கள். ஏப்ரலில் பிள்ளைகளுக்கு முழுப் பரீட்சை, அக்டோபரில் ஆயுத பூஜை, தீபாவளி. நமக்கு எந்த மாதம் மூச்சு விட நேரமில்லையோ அந்த மாதமாகப் பார்த்து வருகிறது. தேதியை நம்மால் மாற்ற முடியாது, தாள்களின் எண்ணிக்கையை மாற்றலாம். மொத்தம் எட்டுத் தாள். ஜூலையில் சேர்ந்தால் அடுத்த ஜூனில் முதல் தேர்வு, சேர்ந்ததிலிருந்து நான்கு வருடத்துக்குள் மொத்தம் ஏழு சீசன் கிடைக்கும். ஒரு சீசனுக்கு ஒன்று அல்லது இரண்டு தாள் போதும். அசைன்மென்ட்டையும் கடைசித் தேதிக்கு வைக்காமல், பள்ளி கொஞ்சம் அமைதியாகப் போகிற ஜூலை, ஆகஸ்டிலும் பிப்ரவரியிலும் முடித்து வையுங்கள். தேர்வு காலை 10 மணிக்கு, இல்லை மதியம் 2 மணிக்கு. தேர்வு மையத்தை விண்ணப்பத்திலேயே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும், பஸ் வசதியைப் பார்த்து எடுங்கள்.

அப்புறம், விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து படி என்று எல்லாரும் சொல்கிற அறிவுரை. அதை நான் ஏற்கவில்லை. ஏற்கனவே ஐந்தரைக்கு எழுகிறவளை நான்குக்கு எழுப்பினால் படிப்புக்கான நேரம் அவளுடைய தூக்கத்திலிருந்து போகிறது, வீட்டில் மற்ற யாருக்கும் எதுவும் குறைவதில்லை. தூக்கம் குறைந்தால் படித்தது நிற்காது, பிள்ளைகள் மேல் எரிந்து விழுவோம். அந்த 80 நிமிடம் வீட்டு வேலையிலிருந்து வர வேண்டும். எங்கள் வீட்டில் அதை உட்கார்ந்து பேசினோம். பகல் ஷிப்ட் வாரங்களில் ராத்திரி டிபன் வீட்டுக்காரர் பொறுப்பு, தோசை ஊற்றுவதும் சட்னி அரைப்பதும் பாத்திரம் ஒழித்துப் போடுவதும் அதில் சேரும். நைட் ஷிப்ட் வாரத்தில் மதியம் அவர் தூங்குகிற நேரத்தில் நான் படிக்கிறேன். ட்யூஷன் முடிந்ததும் மூத்தவளும் நானும் ஒரே மேஜையில் உட்காருகிறோம். அவளுக்கு வீட்டுப்பாடம், எனக்கு யூனிட். அவள் பிளஸ் டூவுக்கு வரும்போது அம்மா சொன்னதற்காகப் படிக்க மாட்டாள், அம்மா படித்ததைப் பார்த்ததால் படிப்பாள் என்று நம்புகிறேன். சும்மா சொல்லவில்லை, சின்னவன் இப்போதே எனக்கு அருகில் நோட்டை விரித்து வைத்து அசைன்மென்ட் எழுதுகிறேன் என்கிறான்.

பட்டத்துக்கு மதிப்பு உண்டா என்று அடுத்ததாகக் கேட்பார்கள். உண்டு. அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகங்கள் தொலைதூர முறையில் தரும் பட்டம் ரெகுலர் பட்டத்துக்குச் சமம் என்று யுஜிசி 2022 செப்டம்பரில் தெளிவாக அறிவித்திருக்கிறது. கல்லூரியில் உதவிப் பேராசிரியர் ஆக நினைத்தால் யுஜிசி நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுத வேண்டும், அதற்கு எம்.ஏ.வில் 55 சதவீதம், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50 சதவீதம் தேவை. தேர்ச்சிக்கு 40 போதும் என்று விட்டுவிட்டால் பிறகு இந்த இடத்தில் தடுக்கும், முதல் தாளிலிருந்தே 55-ஐ மனதில் வைத்து எழுதுங்கள். உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வயது வரம்பு இல்லை. அதே தேர்வு மூலம் கிடைக்கிற ஆராய்ச்சி உதவித்தொகைக்கு வயது வரம்பு 30, பெண்களுக்கு ஐந்து வருடத் தளர்வு உண்டு. பள்ளி ஆசிரியர் வேலைதான் இலக்கு என்றால் சமூகவியல் எடுக்காதீர்கள், தமிழ், ஆங்கிலம், கணிதம், வரலாறு, பொருளியல், வணிகவியல் மாதிரி பள்ளியில் நடத்துகிற பாடத்தை எடுங்கள், பி.எட்.டும் வேண்டும். சமூகவியல் பிடித்துப் படிக்கிறவருக்கான பாடம், நான் அதற்காகத்தான் எடுத்தேன்.

மதிப்பெண் போடச் சொன்னால் பாடப் புத்தகத்துக்கு ஐந்துக்கு ஐந்து, தேர்வு நெகிழ்வுக்கும் ஐந்து, மொழிக்கு இரண்டுக்கு மேல் தர மனமில்லை, மொத்தத்தில் நான்கு. யாருக்கு இது சரிவராது என்றும் சொல்லிவிடுகிறேன்: வாத்தியார் எதிரில் நின்று நடத்தினால்தான் ஏறும் என்பவர்களுக்கு, கைக்குழந்தை ஆறு மாதத்துக்குள் இருப்பவர்களுக்கு (ஒரு வருடம் கழித்துச் சேருங்கள், பல்கலைக்கழகம் எங்கும் போய்விடாது), வீட்டில் ஒருவர்கூட ஒரு வேலையும் பகிர்ந்துகொள்ளாத நிலையில் இரண்டே வருடத்தில் முடித்தாக வேண்டும் என்ற அவசரத்தில் இருப்பவர்களுக்கு.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். இ-ஞானகோஷுக்குப் போய் உங்களுக்குப் பிடித்த பாடத்தில் நடுவிலிருந்து ஏதாவது ஒரு யூனிட்டை இறக்கி, பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்து, ஒரு சாதாரண வேலை நாளில் படித்துப் பாருங்கள். லீவு நாளில் வேண்டாம், பிள்ளைகள் வீட்டில் இருக்கிற, குழம்பு வைக்க வேண்டியிருக்கிற நாளாக இருக்கட்டும். எப்போது ஆரம்பித்தோம், எத்தனை முறை எழுந்தோம், எப்போது முடித்தோம் என்று ஓரத்தில் குறித்து வையுங்கள். அந்தத் தாளை வீட்டுக்காரரிடமும் காட்டிவிட்டு அதற்குப் பிறகு விண்ணப்பத்தைத் திறங்கள்.